அறையைவிட்டு வெளியே போகாத வாசகர்

என்னிடம் வரும் பிரதி எதுவும் என் அறையைவிட்டு வெளியே போகாது. மெய்ப்புப் பார்க்கும் வேலைக்கு வந்த நாள்முதல் எழுத்தாளர்களுக்கு நான் கொடுத்துவரும் வாக்கு இது. அண்மையில் ஒரு பதிப்பகம் அதை எழுத்திலும் வாங்கிக்கொண்டது: பிரதியின் எந்தப் பகுதியையும் இணையத்தில் இயங்கும் செயற்கை நுண்ணறிவுச் சேவைகளில் ஏற்றக் கூடாது. முழு மனத்தோடு கையெழுத்திட்டேன். அச்சேறாத நாவல் இன்னும் எழுதியவரின் உடைமை மட்டுமே. அதைப் படிக்கும் உரிமையை அவர் எனக்குத்தான் கொடுத்திருக்கிறார், நான் விரும்பும் எவருக்கும் அல்ல.

ஆனால் எனக்கு இரண்டாவது வாசகர் ஒருவர் தேவைப்பட்டார். எழுத்துப் பிழை, சந்திப் பிழை, விட்டுப்போன மேற்கோள் குறி ஆகியவற்றை நானே பிடித்துவிடுவேன். பிடிபடாமல் போவது வேறு வகை. மூன்றாம் அத்தியாயத்தில் இடது கண் பார்வை இழந்த அத்தைக்கு இருபத்தோராம் அத்தியாயத்தில் வலது கண் தெரியாமல் போகும். மாசியில் தொடங்கிய கதையில் பத்து நாள் கழித்து ஐப்பசி மழை பெய்யும். மூன்றாவது முறை படிக்கும்போது கண் வரிகளை முன்கூட்டியே அறிந்துகொண்டு வழுக்கிப் போகிறது. புதிய கண் வேண்டும், அந்தக் கண்ணும் இந்த அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். இப்படித்தான் சொந்தமாக மொழி மாதிரி ஒன்றை, அதாவது உரையைப் படித்துப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு நிரலை, ஓட்டிப் பார்க்கும் ஆசை வந்தது.

கையில் இருந்தது ஒரு ராஸ்பெரி பை 5: ஒரே பலகையில் அடங்கும் சிறு கணினி, 8 ஜிபி நினைவகம் கொண்டது. 85 மில்லிமீட்டர் நீளம், 56 மில்லிமீட்டர் அகலம். பிரதிகளின் நகல்களைச் சேமித்துவைக்கும் வேலையை இரவும் பகலும் சத்தமின்றிச் செய்துகொண்டிருந்தது. அதில் லாமா.சிபிபி என்ற மென்பொருளை நிறுவினேன். கியோர்கி கெர்கனோவ் 2023 மார்ச்சில் வெளியிட்டது அது. எளிய கணினிகளிலும் மொழி மாதிரிகள் ஓடும் என்று உலகுக்குக் காட்டிய நிரல்களில் முதன்மையானதாக அதைத்தான் கருதுகிறேன். 800 கோடி அளவுருக்கள் (பயிற்சியில் கற்ற எண்கள்) கொண்ட, மெட்டா நிறுவனத்தின் லாமா 3.1 மாதிரியை, ஒவ்வோர் எண்ணையும் ஏறத்தாழ 4 பிட் அளவுக்குச் சுருக்கிய வடிவில் இறக்கிக்கொண்டேன். கோப்பின் அளவு 4.9 ஜிபி.

ஓடியது. நொடிக்கு இரண்டு டோக்கன் வேகத்தில். டோக்கன் என்பது மாதிரி படிக்கவும் எழுதவும் பயன்படுத்தும் சொல் துண்டு. ஓர் அத்தியாயத்தைக் கொடுத்தால் முதல் சொல் வருவதற்குள் கால் மணி நேரத்துக்கும் மேல் ஆகிவிடும்.

பலகை மெதுவானது என்று சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று கணக்குப் போட்டேன். ஒரு டோக்கனை உருவாக்க, மாதிரியின் எடைகள், அதாவது அந்த 800 கோடி எண்கள், முழுவதையும் நினைவகத்திலிருந்து ஒருமுறை படித்தாக வேண்டும். அதாவது ஒவ்வொரு டோக்கனுக்கும் 4.9 ஜிபி. இந்தப் பலகையின் நினைவகம் நொடிக்கு அதிகபட்சம் 17 ஜிபி தரும். வகுத்தால் மூன்றரை வருகிறது. செயலி எவ்வளவு திறமையாகக் கணக்கிட்டாலும் அந்த உச்சவரம்பைத் தாண்ட முடியாது. கணக்குப் போடும் வேகம் இருக்கிறது, எடைகளை எடுத்துக் கொடுக்கும் வேகம்தான் இல்லை. இது புரிந்த பிறகு நான் செயலிகளை ஒப்பிடுவதை நிறுத்திவிட்டேன். எந்தக் கருவியைப் பார்த்தாலும் முதலில் தேடுவது நினைவகத்தின் வேகத்தைத்தான்.

நண்பர் ஒருவர் தம் கணினியை மாற்றியபோது ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் அட்டை ஒன்றை எனக்குக் கொடுத்தார். 8 ஜிபி நினைவகம். அதன் வேகம் நொடிக்கு 224 ஜிபி. என் பலகையைவிட 13 மடங்கு. இதைப் பலகையோடு இணைத்தால் என்ன?

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: வழி மிகக் குறுகலானது. அவர்கள் சொன்னது உண்மைதான். ராஸ்பெரி பை 5இல் வெளியே எடுத்துக் கொடுக்கப்பட்டிருப்பது அட்டைகளை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியின் ஒரே ஒரு தடம், அதுவும் இரண்டாம் தலைமுறை. நொடிக்கு 500 எம்பி. இந்த அட்டையோ நான்காம் தலைமுறையில் எட்டுத் தடங்களுக்காகச் செய்யப்பட்டது. எட்டு வழிச்சாலையில் போக வேண்டிய வண்டியை ஒற்றையடிப் பாதையில் இறக்குவது போலத்தான் தோன்றும்.

ஆனால் அந்தப் பாதையில் உண்மையில் என்ன போகிறது என்று பார்க்க வேண்டும். மாதிரி முழுவதும் அட்டையின் நினைவகத்தில் ஏறிவிட்டால் எடைகள் மறுபடி இந்தப் பக்கம் வருவதில்லை. கணக்கெல்லாம் அட்டைக்குள்ளேயே நடக்கும். ஒவ்வொரு டோக்கனின் முடிவிலும் பலகைக்குத் திரும்பி வருவது, அடுத்து வரக்கூடிய ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒரு மதிப்பெண். லாமா 3.1இன் சொல்தொகுதியில் 1,28,256 டோக்கன்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 4 பைட் என்றால் அரை எம்பி. நொடிக்கு 40 டோக்கன் உருவானால்கூட 20 எம்பிதான். 500 எம்பி போகக்கூடிய வழியில் 20 எம்பி. அந்த இரவு இந்தக் கணக்கைத் தாளில் போட்டு முடித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. வழி குறுகலாக இருப்பதால் தாமதமாவது ஒரே ஒரு முறை, மாதிரியை ஏற்றும்போது மட்டும்.

இணைக்கும் வேலை பொறுமை கேட்டது. பலகையில் இருக்கும் 16 முனைப் பட்டைக் கம்பியிலிருந்து ஒரு மாற்றிப் பலகைக்கும், அங்கிருந்து அட்டை செருகும் முழு நீளச் செருகிக்கும் இணைப்புக் கொடுக்க வேண்டும். அட்டை 132 வாட் வரை இழுக்கும். பலகையின் சிறிய மின்னூட்டியால் அதற்கு எதுவும் செய்ய முடியாது; எனவே மேசைக் கணினிகளில் இருக்கும் ஏடிஎக்ஸ் பவர் சப்ளை ஒன்றைத் தனியாக வைத்தேன். தாய்ப்பலகை இல்லாமல் அது தானாக இயங்காது. 24 முனை இணைப்பியில் உள்ள பச்சைக் கம்பியை ஒரு கறுப்புக் கம்பியோடு சேர்த்தால்தான் உயிர்பெறும். வரிசையும் முக்கியம்: முதலில் அட்டைக்கு மின்சாரம், பிறகு பலகைக்கு. பலகை தொடங்கும்போதுதான் தடத்தின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறது. அப்போது அட்டை உறங்கிக்கொண்டிருந்தால், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று முடிவு செய்துவிடும்.

ஓர் இழப்பும் உண்டு. அதே தடத்தில்தான் என் என்விஎம்இ சேமிப்பகம் (வேகமான எஸ்எஸ்டி வகை) இருந்தது. இருப்பது ஒரு தடம், அட்டை வந்தால் சேமிப்பகம் போக வேண்டும். பிரதிகளின் நகல்களையும் மாதிரிக் கோப்புகளையும் யுஎஸ்பி 3 வழியாக இணைக்கும் எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். மெமரி கார்டில் வைத்துப் பார்த்தபோது ஒரு மாதிரி ஏறி முடிய ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆனது. எஸ்எஸ்டியில் அரை நிமிடத்துக்குள் முடிகிறது.

இதெல்லாம் கைவேலை. உண்மையான சிக்கல், அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவரில் காத்திருந்தது.

இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலில் அட்டை தெரிந்தது. பெயர், எண் எல்லாம் சரியாக இருந்தன. டிரைவரை ஏற்றியதும் பலகை அப்படியே உறைந்தது. மூன்று மாலைகள் இப்படியே கழிந்தன. காரணம் இதுதான். இந்த டிரைவர் பெரும்பாலும் மேசைக் கணினிகளின் பழக்கத்தை நம்பி எழுதப்பட்டது. அங்கே செயலி ஒரு கட்டளையை எழுதும்போது அது முதலில் செயலியின் பக்கத்திலேயே உள்ள கேஷ் நினைவகத்தில் தங்கும். அட்டை அந்த இடத்தைப் படிக்க வந்தால், கேஷில் புதிய பிரதி இருக்கிறதா என்று வன்பொருளே பார்த்து அதைக் கொடுத்துவிடும். ராஸ்பெரி பையின் பிசிஐ வழியில் அந்த ஏற்பாடு இல்லை. செயலி எழுதியது கேஷில் இருக்கும், அட்டை படிப்பதோ நினைவகத்தில் கிடக்கும் பழையதை.

என் தொழிலில் இது அன்றாடம் நடப்பது. என் மேசையில் இருக்கும் மெய்ப்பில் நான் திருத்தம் போட்டுவிட்டேன், ஆனால் பக்கம் வடிவமைப்பவரிடம் போன வாரத்துப் பிரதிதான் இருக்கிறது. இருவரும் ஒரே புத்தகத்தில் வேலை செய்வதாக நம்பிக்கொண்டிருப்போம். அச்சானதும்தான் தெரியும். இதற்கு நாங்கள் வைத்திருக்கும் தீர்வு, தனிப் பிரதியே வேண்டாம், எல்லாத் திருத்தமும் பொதுப் பிரதியில் நேரடியாகப் போடப்பட வேண்டும் என்பது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குப் பிறர் எழுதிய சிறு திருத்தங்களான ஒட்டுகளும் அதையே செய்கின்றன: அட்டையோடு பகிர்ந்துகொள்ளும் பக்கங்களைக் கேஷில் வைக்காதே என்று டிரைவருக்குச் சொல்கின்றன. ஒரு வித்தியாசம் உண்டு. ராஸ்பெரி பையில் இருப்பது போன்ற ஆர்ம் செயலிகளில், சாதனத்தின் நினைவகமாகக் குறிக்கப்பட்ட இடத்தில் ஒழுங்கான எல்லையில் தொடங்காமல் எழுத முயன்றால் பிழை எழும். மேசைக் கணினிகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. அதற்கும் தனியாக ஏற்பாடு வேண்டியிருக்கிறது.

இந்த ஒட்டுகளை நான் எழுதவில்லை. அந்த அறிவு எனக்கு இல்லை. பல பேர் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் உழைத்த பலன் அது. 2020 அக்டோபரில் ராஸ்பெரி பையின் கம்ப்யூட் மாட்யூல் 4 பலகை வந்து பிசிஐ தடம் முதன்முறையாகப் பயனர்களின் கைக்குக் கிடைத்ததிலிருந்து கிராஃபிக்ஸ் அட்டைகளைச் செருகித் தோற்று, ஏன் தோற்றது என்று எழுதிவைத்துக்கொண்டே வந்தார்கள். அவர்களில் ராஸ்பெரி பை சோதனைகளை இணையத்தில் எழுதிவரும் ஜெஃப் கீர்லிங்கின் குறிப்புகள் எனக்குப் பெரும் துணை. தோல்விகளை ஒளிக்காமல் தேதி வாரியாகப் பதிவு செய்திருப்பதுதான் அவற்றின் அருமை. ஏஎம்டியின் டிரைவர் லினக்ஸ் கெர்னலின் மூல நிரலிலேயே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறந்து படித்துத் திருத்தலாம். அது பூட்டிய பெட்டியாக இருந்திருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

ஒட்டுகளைச் சேர்த்துக் கெர்னலைப் பலகையிலேயே தொகுத்தேன். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆனது. பிறகு அட்டைக்குள் ஏறி அதை இயங்கவைக்கும் ஃபர்ம்வேர் கோப்புகள் வேண்டும். அவற்றின் பெயர்களைப் பார்த்து வியந்துபோனேன்: இந்தத் தலைமுறை அட்டைகளுக்கு நிறமும் மீனும் சேர்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். என் அட்டையின் பெயர் டிம்கிரே கேவ்ஃபிஷ், மங்கிய சாம்பல் நிறக் குகைமீன். இருட்டிலேயே வாழ்ந்து பார்வை தேவைப்படாமல் போன மீன் வகை அது. என்னுடையது படம் காட்டும் அட்டையாக இருந்தும் திரை எதுவும் இணைக்கப்படாமல் மூலையில் இருக்கப்போகிறது. அந்தப் பெயர் அதற்கு மிகவும் பொருந்தியது.

அட்டை விழித்துக்கொண்டது. ஏஎம்டியின் சொந்தக் கணிப்பு மென்பொருளான ராக்எம் இந்தப் பலகைக்கு இல்லை. எனவே பல நிறுவனங்களின் கிராஃபிக்ஸ் அட்டைகளுக்கும் பொதுவான இடைமுகமான வல்கன் வழியாகப் போனேன். லாமா.சிபிபியில் 2024 ஜனவரியிலிருந்து வல்கன் ஆதரவு இருக்கிறது. லினக்ஸில் மேசா நூலகம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அதே லாமா 3.1 கோப்பு, அதே பலகை. நொடிக்கு 31 டோக்கன். கால் மணி நேரம் தாண்டிக் காத்திருந்த அத்தியாயத்துக்கு அரை நிமிடத்தில் பதில் தொடங்கியது. விசிறி சுழலும் ஓசையைத் தவிர அறையில் வேறு சத்தமில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அடுத்த நாளே பேராசைப்பட்டேன். தொடக்க அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் தடத்தை மூன்றாம் தலைமுறை வேகத்தில் ஓட்டலாம். நொடிக்கு 985 எம்பி வரை கிடைக்கும். ராஸ்பெரி பை நிறுவனம் இரண்டாம் தலைமுறைக்குத்தான் உறுதி தருகிறது, மூன்றாவதை அவரவர் பொறுப்பில் முயலலாம். அந்த வரியைச் சேர்த்தேன். கணினியின் பதிவேடு முழுவதும், வன்பொருள் தானே திருத்திக்கொண்ட பிழைகள் வந்து குவிந்தன. ஒரு மணி நேரத்தில் அட்டை காணாமல் போனது. பட்டைக் கம்பியில் நான் ஏற்படுத்திய மடிப்பே காரணம் என்று நினைக்கிறேன். அந்த வரியை நீக்கிவிட்டேன். மாதிரி ஏறும் நேரம் சில நொடிகள் கூடியது. டோக்கன் வேகத்தில் வித்தியாசமே இல்லை. தாளில் போட்ட கணக்கு அப்படியே மெய்யானது.

இனி நான் அதிக நேரம் செலவிட்ட இடம்: அந்த 8 ஜிபிக்குள் எதை வைப்பது?

மாதிரியின் எடைகள் மட்டும் ஏறினால் போதாது. இதுவரை படித்த ஒவ்வொரு டோக்கனுக்கும் நினைவுக் குறிப்பு ஒன்றை அட்டை வைத்திருக்க வேண்டும். லாமா 3.1இன் 800 கோடி மாதிரியில் ஒரு டோக்கனுக்கு 128 கேபி. 8,192 டோக்கன் என்றால் 1 ஜிபி. ஆங்கிலத்தில் இது தாராளம். தமிழில் இல்லை. ஒரு தமிழ் எழுத்துக் குறி எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட் பிடிக்கும். ‘கி’ என்று எழுதினால் ககரமும் இகரக் குறியும் சேர்ந்து 6 பைட். தமிழை அதிகம் பார்க்காத டோக்கன் பிரிப்பான் நம் சொற்களைப் பொடிப்பொடியாக நறுக்கிவிடும். என்னிடமிருந்த 2,000 சொல் அத்தியாயம் ஒன்று லாமா 3.1இல் 15,000 டோக்கனைத் தாண்டியது. கூகுளின் ஜெம்மா 3 மாதிரியில் அதே அத்தியாயம் 7,000 அளவில் நின்றது. அதன் சொல்தொகுதி இரு மடங்கு பெரியது. ஆகவே நொடிக்கு எத்தனை டோக்கன் என்று பிறர் சொல்லும் எண்ணைத் தமிழில் வேலை செய்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு சொல்லுக்கு எத்தனை டோக்கன் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் வேகம் தெரியும்.

எனவே ஜெம்மா 3க்கு மாறினேன். அதில் 1,200 கோடி அளவுருக்கள் கொண்ட மாதிரியை 4 பிட்டில் எடுத்தால் 7.3 ஜிபி. கொஞ்சம்தான் மிஞ்சுகிறது, கால் பங்கைப் பலகையின் நினைவகத்தில் வைத்து முக்கால் பங்கை அட்டையில் வைத்தால் என்ன என்று முயன்றேன். வேகம் படுத்துவிட்டது. கணக்குப் போட்டால் ஏன் என்று விளங்கும். அட்டையில் உள்ள 5.5 ஜிபியைப் படிக்க நொடியில் நாற்பதில் ஒரு பங்கு போதும். பலகையில் உள்ள 1.8 ஜிபியைப் படிக்கப் பத்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. கால் பங்கு வேலை, முக்கால் பங்கு வேலையைவிட நான்கு மடங்கு நேரத்தை விழுங்குகிறது. பலகையில் எதையும் விட்டுவைக்காதீர்கள். அட்டைக்குள் முழுதாக அடங்கும் மாதிரியைத் தேர்ந்தெடுங்கள், அடங்காவிட்டால் சிறியதற்குப் போங்கள்.

நான் அதே 1,200 கோடி மாதிரியை 3 பிட் அளவுக்குச் சுருக்கிய வடிவில் வைத்திருக்கிறேன். 6 ஜிபி. ஜெம்மா 3இல் கணக்கு நடக்கும் அடுக்குகளில் ஆறுக்கு ஐந்து, கடைசி 1,024 டோக்கன்களை மட்டுமே நினைவில் வைப்பவை. அதனால் அத்தியாயத்துக்கான நினைவுக் குறிப்பும் மிச்ச இடத்தில் அடங்கிவிடுகிறது. வேகம் நொடிக்கு 19 டோக்கன். இரவில் ஓடும் வேலைக்கு அது போதும். 400 கோடி மாதிரியையும் 8 பிட்டில் முயன்று பார்த்தேன். வேகமாக இருந்தது, ஆனால் அத்தைக்கும் சித்திக்கும் வேறுபாடு தெரியாமல் தடுமாறியது. உறவுமுறை தெரியாத வாசகரால் தமிழ் நாவலில் எதைக் கண்டுபிடிக்க முடியும்?

வேலை முறை இப்படி. ஒவ்வோர் அத்தியாயத்தையும் கொடுத்து, அதில் வரும் ஆட்கள், உறவு, உடல் அடையாளம், நாள், இடம் ஆகியவற்றை மட்டும் குறித்துத் தரச் சொல்கிறேன். ஒவ்வொரு குறிப்போடும் அது எந்த வரியில் இருக்கிறது என்று அந்த வரியையே எழுத வேண்டும். பிறகு என் சிறிய நிரல் ஒன்று, எழுதிய வரி உண்மையிலேயே பிரதியில் இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். இல்லாவிட்டால் குறிப்பு தள்ளப்படும். இந்த வடிகட்டல் இல்லாமல் ஒரு குறிப்பையும் நான் நம்ப மாட்டேன், ஏனென்றால் மாதிரி பிரதியில் இல்லாத தகவல்களை இருப்பதுபோலவே எழுதும். சுருக்கிய மாதிரி இன்னும் கூடுதலாக எழுதும். கடைசியில் எல்லா அத்தியாயங்களின் குறிப்புகளையும் ஆள்வாரியாக அடுக்கி முரண்களைத் தேடுவது நான்தான். நடையைப் பற்றி அதனிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை. ஒரு எழுத்தாளர் ஏன் ஒரு வாக்கியத்தை அப்படி முறித்தார் என்பது அவருக்கும் எனக்கும் இடையில் பேச வேண்டியது.

பழைய மேசைக் கணினி ஒன்று சும்மா இருந்தால் இதையெல்லாம் செய்ய வேண்டாம், அதில் அட்டையைச் செருகிவிடுங்கள். ஒட்டுகள் வேண்டாம், கெர்னல் தொகுக்க வேண்டாம், கணினியைப் புதுப்பிக்கும்போது ஒட்டிய கெர்னல் அழிந்துபோகுமோ என்ற கவலையும் வேண்டாம். எனக்கு இது பொருந்தியதற்குக் காரணம், எப்போதும் விழித்திருக்கும் பலகை ஏற்கெனவே இருந்தது என்பதும், வேலை இல்லாத நேரத்தில் இந்த மொத்த அமைப்பும் என் மீட்டரில் 14 வாட்டுக்கு மேல் காட்டுவதில்லை என்பதும்தான். வேலை நடக்கும்போது 130 வாட்டைத் தாண்டும், முடிந்ததும் விசிறி தானாக நின்றுவிடும். பாதுகாப்புக்காக, இந்தப் பலகைக்கு இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டேன். என் கணினியிலிருந்து மட்டும் ஒரு கம்பி போகிறது.

போன மாதம் 34 அத்தியாயங்கள் கொண்ட நாவல் ஒன்றை இரவில் அதனிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் வடிகட்டி முடித்து அடுக்கியபோது முரண்போலத் தெரிந்தவை 23. ஒவ்வொன்றையும் பிரதியோடு ஒப்பிட்டேன். 16 முரணே அல்ல: கனவில் நடப்பதை நிஜமென்று எடுத்துக்கொண்டது, ஒரே பெயருடைய இருவரை ஒருவராக்கியது, பாத்திரமே சொல்லும் பொய்யை உண்மையாக நம்பியது. நான்கை நான் ஏற்கெனவே குறித்துவைத்திருந்தேன். மிஞ்சிய மூன்றில் இரண்டு சிறியவை. மூன்றாவது, இறந்துபோன தாத்தாவின் கைத்தடி. ஏழாம் அத்தியாயத்தில் அது அவரோடு சிதையில் வைக்கப்படுகிறது. இருபத்தொன்பதில் பேரன் அதை ஊன்றிக்கொண்டு திண்ணையிலிருந்து இறங்குகிறான். இரண்டு வரிகளையும் நான் மூன்று முறை படித்திருக்கிறேன்.

எழுத்தாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு, “சிதையில் வைக்கும் வரியை எடுத்துவிடுங்கள், தடி அவனிடமே இருக்கட்டும்” என்றார்.